குவாண்டம் கணினி வந்தால் எந்தப் பூட்டு உடையும், எது நிற்கும்?

கேள்வி: "குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்குமாமே? அப்படியானால் பாஸ்வேர்டு, நெட்பேங்கிங் எல்லாம் போச்சா?"

கேள்வியின் முதல் பாதியிலேயே ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்திக்கொண்டால் மீதிக்கு விடை எளிது.

குவாண்டம் கணினியின் பிட்டான க்யூபிட், 0, 1 இரண்டும் கலந்த நிலையில் இருக்கலாம் என்பது சரி. ஆனால் அளந்து பார்க்கும்போது ஒரே ஒரு விடைதான் கையில் வரும், அதுவும் குருட்டாம்போக்கில். ஆகவே தவறான விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும், சரியானதன் அலைகள் சேர்ந்து ஓங்கவும் கணக்கை அமைக்க வேண்டும். எல்லாக் கணக்கும் இதற்கு இடம்கொடுக்காது. உள்ளே திரும்பத் திரும்ப வரும் சுழற்சி ஒன்று இருந்தால் கொடுக்கும். பெரிய எண்ணைக் காரணிகளாக உடைப்பது கடினம் என்பதை நம்பிய ஆர்எஸ்ஏ என்ற இணையப் பூட்டுக்குள் அது இருக்கிறது.

ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 15-இன் காரணிகள் வேண்டும். 7-இன் அடுக்குகளை 15-ஆல் வகுத்தால் மீதிகள் 7, 4, 13, 1, மறுபடி 7, 4, 13, 1. சுழற்சியின் நீளம் 4, பாதி 2. 7-இன் வர்க்கம் 49, மீதி 4. அதில் ஒன்று குறைத்தால் 3, கூட்டினால் 5. இந்த இரண்டுக்கும் 15-க்கும் மீப்பெரு பொதுக் காரணி எடுத்தால் 3, 5 கிடைத்துவிட்டன. 7-க்குப் பதில் 14-ஐ எடுத்திருந்தால் 1, 15 என்று உதவாத விடை வரும். வேறு எண்ணை எடுத்து மறுபடி போட வேண்டும்.

1994-இல் பெல் ஆய்வகத்தில் பீட்டர் ஷோர் கண்டுபிடித்தது, இந்தச் சுழற்சியின் நீளத்தைக் குவாண்டம் கணினியால் விரைவாகக் காணும் வழியை. மீதி வேலை சாதாரணக் கணினிக்குப் போதும். ஆர்எஸ்ஏ-2048, அதாவது 2048 பிட் சாவி, என்பது 617 இலக்க எண். சாதாரணக் கணினிகளால் 2020-இல் 250 இலக்க ஆர்எஸ்ஏ எண்ணை உடைக்கவே சுமார் 2,700 கோர்-ஆண்டுகள் (ஒரு செயலிக் கோர் ஓராண்டு முழுக்க ஓடுவது ஒரு கோர்-ஆண்டு) பிடித்தன. ஆர்எஸ்ஏவைப் போலவே இணையத்தில் பயன்படும் நீள்வட்ட வளைவுச் சாவிகளும் ஷோரின் வழியில் விழும், ஆர்எஸ்ஏ-2048-ஐவிடக் குறைந்த க்யூபிட்டிலேயே. 2048-ஐ 4096 ஆக்கினால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். போதாது, உடைப்பவருக்கு வேலை சில மடங்குதான் கூடும்.

இரு பக்கமும் ஒரே ரகசியச் சாவியை வைத்துத் தரவைப் பூட்டும் ஏஇஎஸ் முறையின் கதை வேறு. அதில் பிடித்துக்கொள்ள இப்படிச் சுழற்சி இல்லை. க்ரோவரின் தேடல் முறை (1996) 128 பிட் சாவியை 2-இன் 64-ஆம் அடுக்கு அளவுப் படிகளாகக் குறைக்கும். அந்தப் படிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாக வேண்டும். நூறு இயந்திரம் வைத்தாலும் வேகம் பத்து மடங்குதான். ஏஇஎஸ்-256 போட்டால் கவலை விட்டது. பாஸ்வேர்டைச் சேமிக்கும்போது திருப்ப முடியாதபடி உருமாற்றி வைக்கும் ஹேஷும் இந்த வகைதான்.

இன்றைய இயந்திரங்கள்? 2023-இல் ஐபிஎம்மின் காண்டார் சிப்பில் 1,121 க்யூபிட், 2024-இல் கூகுளின் வில்லோவில் 105. இவை பிழை செய்யும் க்யூபிட்கள். பிழை திருத்தவே பெரும்பகுதி செலவாகும். ஆர்எஸ்ஏ-2048-ஐ உடைக்க 2 கோடி க்யூபிட், 8 மணி நேரம் என்று 2019-இல் கிட்னி, எக்கெரா என்ற ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். 2025-இல் கிட்னியே அதை 10 லட்சத்துக்கும் குறைவு, ஒரு வாரத்துக்குள் என்று இறக்கினார். வெறும் வழிமுறையையும் பிழை திருத்தும் முறையையும் செம்மைப்படுத்தியதிலேயே இவ்வளவு குறைந்தது என்பதால்தான் "இன்னும் காலம் இருக்கிறது" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

அவசரம் எதற்கு? இன்று ஓடும் தரவைப் பதிவுசெய்து வைத்து, பின்னால் திறப்பதுதான் ஆபத்து. எனவே இணைப்பின் தொடக்கத்தில் இரு பக்கமும் ரகசியச் சாவியை ஒப்புக்கொள்ளும் சாவிப் பரிமாற்றத்தை முதலில் மாற்றுங்கள். நுழைவைச் சரிபார்க்கும் டிஜிட்டல் கையொப்பத்தைப் பத்து வருடம் கழித்துப் போலியாக்கி, இன்றைய இணைப்புக்குள் நுழைய முடியாது, அது பிறகு.

அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில், குவாண்டம் கணினிக்கும் தாங்கும் முறைகளாக, சாவிப் பரிமாற்றத்துக்கு எம்எல்-கேஇஎம், கையொப்பத்துக்கு எம்எல்-டிஎஸ்ஏ, எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏ ஆகியவற்றைத் தரநிலையாக வெளியிட்டது. குரோம் பிரவுசர், நீள்வட்ட வளைவு வகையான பழைய எக்ஸ்25519-உடன் எம்எல்-கேஇஎம்-768-ஐச் சேர்த்தே பயன்படுத்துகிறது. இந்த இரட்டைப் பூட்டு வீண் எச்சரிக்கை அல்ல: நிஸ்ட் தேர்வின் நான்காம் சுற்று வரை வந்த சைக் என்ற முறை, 2022-இல் ஒரே கோரில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைந்தது.

உங்கள் சர்வரில், இணைய இணைப்பைப் பூட்டும் நெறிமுறையான டிஎல்எஸ்ஸின் 1.3 பதிப்பு இருக்க வேண்டும், 1.2-இல் இந்தப் புதிய சாவிப் பரிமாற்றம் கிடையாது. சர்வர்கள் டிஎல்எஸ்ஸுக்குப் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் 3.5 முதல் எம்எல்-கேஇஎம் உள்ளேயே வருகிறது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச்சுக்கான ஓபன்எஸ்எஸ்ஹெச் 10.0-இல், எக்ஸ்25519-உடன் சேர்த்து, அதுவே இயல்பான தேர்வு. எஸ்எஸ்ஹெச் கட்டளையை விவரங்களைக் காட்டும் வெர்போஸ் (-v) முறையில் ஓட்டினால், கெக்ஸ் (சாவிப் பரிமாற்றம்) அல்காரிதம் வரியில் எது பேசப்பட்டது என்று தெரியும்.

தகராறு பெரும்பாலும் அளவில் வரும். எக்ஸ்25519 பொதுச்சாவி 32 பைட். எம்எல்-கேஇஎம்-768 பொதுச்சாவி 1,184 பைட். இணைப்பின் முதல் செய்தி ஒரே பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகப் பிரியும். முழுச் செய்தியும் ஒரே தடவையில் வரும் என்று நம்பி எழுதப்பட்ட பழைய ஃபயர்வாலும், சர்வர்களுக்கு வேலையைப் பகிர்ந்து தரும் லோட் பேலன்ஸரும் இணைப்பை அறுத்துவிடும். பழைய பிரவுசரில் திறக்கும் தளம் புதியதில் தொங்கினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பிரவுசரில் வசதியை அணைக்காதீர்கள். அந்த ஃபயர்வால் அல்லது லோட் பேலன்ஸர் பெட்டியின் ஃபர்ம்வேரை (உள்ளே பதிந்த மென்பொருளை) புதுப்பியுங்கள்.

கையொப்பம் காத்திருக்கலாம் என்றதற்கு ஒரு விலக்கு: தொழிற்சாலையிலேயே சிப்பில் எரித்துவிடும் ஃபர்ம்வேர் சரிபார்ப்புச் சாவி. இருபது வருடம் ஓடப்போகும் மீட்டரிலோ வண்டியிலோ அதைப் பிறகு மாற்ற வழியிருக்காது. அங்கே இன்றே எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏ போன்ற ஹேஷ் அடிப்படைக் கையொப்பம் போடுங்கள்.