முட்டைக்கோஸ் நாற்றில் தண்டழுகல்: மெட்டலாக்சில் ஏன் கேட்கவில்லை?

டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கேட்டது: நட்ட முட்டைக்கோஸ் நாற்றுகளின் தண்டு மண்மட்டத்தில் கருத்து, கம்பிபோல் மெலிகிறது, மெட்டலாக்சில் ஊற்றியும் பலனில்லை.

கேட்காதுதான். மெட்டலாக்சில், பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நோய்க்கிருமி வகைக்கான மருந்து. பித்தியம் தாக்கினால் தண்டு நீர்கோத்துக் கூழாகி, நாற்று சட்டென்று விழுந்துவிடும். தண்டு கெட்டியாகச் சுருங்கி, செடி குற்றுயிராக நின்றுகொண்டிருந்தால் அது பெரும்பாலும் ரைசோக்டோனியா என்ற பூஞ்சை. அதற்கு அசாக்சிஸ்ட்ரோபின், டோல்குளோபாஸ் மெத்தைல் போன்றவை வேண்டும். கடைக்காரர் ‘எல்லாம் வேரழுகல் மருந்துதான்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்.

எந்த மருந்தானாலும் நடும்போதோ அதற்கு முன்போ வேர்ப்பகுதி மண்ணில் சேர வேண்டும். தண்டைச் சுற்றி அழுகிய செடி தேறாது, பிடுங்கிவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டப்படி பதிவான மருந்தா, லேபிளில் முட்டைக்கோஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அளவும் அதில் உள்ளதுதான்.

அப்புறம், நாற்றை ஆழமாக நடாதீர்கள். பழைய பயிர்க்கழிவு மக்காத மண்ணில் இந்தப் பூஞ்சை கொழிக்கும். உழுது சில வாரம் விட்டு நடுங்கள். பழைய நாற்றுத் தட்டுகளைக் கழுவாமல் திரும்ப விதைத்தால் மருந்துச் செலவு வீண்.