ஆடிட்டர் பதில்கள்: சி.ஏ. படிப்பு மாறிவிட்டது, பழைய கணக்கு உதவாது

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சி.ஏ. படிப்பின் புதிய திட்டத்தைப் பற்றியவை. 2023 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் பல வீடுகளில் இன்னும் பெரியப்பா மகன் படித்த முறையை வைத்தே முடிவெடுக்கிறார்கள். அதனால் வருமான வரிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் சி.ஏ. இன்டர் (இடைநிலைத் தேர்வு) இரண்டு குரூப்பும் பாஸ் பண்ணிவிட்டாள். ஓரிரு மாதம் ஓய்வெடுத்துவிட்டு ஆர்ட்டிக்கிள்ஷிப் (ஆடிட்டர் அலுவலகப் பயிற்சி) சேர்கிறேன் என்கிறாள். என் அண்ணன் மகன் மூன்று வருடம் ஆர்ட்டிக்கிள்ஷிப் செய்தான். அதில் கடைசி ஆறு மாதம் இருக்கும்போதே ஃபைனலும் எழுதினான். இவளும் அப்படி எழுதலாமா? (வாசகி, திருப்பூர்)

முடியாது அம்மா. உங்கள் மகளுக்கு ஆர்ட்டிக்கிள்ஷிப் இரண்டு வருடம்தான். ஆனால் அது முழுதாக முடிந்து, அதற்குப் பிறகு ஆறு மாதப் படிப்புக் காலமும் முடிந்தால்தான் ஃபைனல் எழுதலாம். அந்த ஆறு மாதமும் பரீட்சை மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசித் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும். தேதி வைத்துச் சொன்னால் தெளிவாகப் புரியும். 2023 நவம்பர் 1 அன்று சேர்ந்த ஒருவருக்கு 2025 அக்டோபர் 31-ல் பயிற்சி முடிகிறது, 2026 ஏப்ரல் 30-ல் படிப்புக் காலம் முடிகிறது. அவர் 2026 மே பரீட்சை எழுதலாம். அதே நவம்பரில் பதினைந்து நாள் கழித்துச் சேர்ந்தவருக்கு மே பரீட்சை கை நழுவிவிடும்.

ஆகவே ஓய்வெடுக்கட்டும், தப்பில்லை. இன்டர் எழுதி முடித்த பிள்ளைக்கு ஓய்வு தேவைதான். ஆனால் சேரும் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, அங்கிருந்து இரண்டரை வருடம் எண்ணி, எந்தப் பரீட்சை கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். ஃபைனலையும் ஆண்டுக்கு மூன்று முறை நடத்துவதாக, சி.ஏ. படிப்பை நடத்தும் இன்ஸ்டிடியூட் 2025-ல் அறிவித்தது. இருந்தாலும் பரீட்சை மாதங்களை அவ்வப்போது வரும் அறிவிப்பில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சேர்வதற்கு முன்னால் ஐ.சி.ஐ.டி.எஸ்.எஸ். என்ற தகவல் தொழில்நுட்ப, மென்திறன் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த வகுப்பில் இடம் கிடைக்கும் தேதியைப் பொறுத்தே பலருக்குச் சேரும் தேதி தள்ளிப்போகிறது. ஆர்ட்டிக்கிள்ஷிப் சேர்ந்த 30 நாட்களுக்குள் அதைப் பதிவு செய்யும் ஃபார்ம் 103 பதிவாக வேண்டும். அலுவலகத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாமல் மகளே விசாரிக்கட்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. எந்த அலுவலகத்தில் சேர்கிறாள் என்பது இப்போது முன்பைவிட முக்கியம். மூன்று வருடம் இருந்தபோது முதல் வருடம் பில் அடுக்கி, வவுச்சர் பார்த்துக் கழிந்தாலும் மிச்சம் இரண்டு வருடம் கையில் இருந்தது. இப்போது அந்த இரண்டு வருடம்தான் மொத்தமே. உங்கள் ஊரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களின் ஜி.எஸ்.டி. ரீஃபண்ட், வங்கிக்கான ஸ்டாக் ஆடிட், கம்பெனி ஆடிட் என்று எல்லா வேலையும் பார்க்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. நேர்காணலில் மகள் தயங்காமல் கேட்கட்டும்: “ஆடிட்டுக்கு வெளியே அனுப்புவீர்களா? முதல் வருடத்திலேயே டாக்ஸ் ஆடிட்டில் உட்கார வைப்பீர்களா?” என்னிடம் சேர வரும் பிள்ளைகள் இதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான்.

“ஆபீசுக்கு வர வேண்டாம், கையெழுத்துப் போட்டுத் தருகிறோம், வீட்டில் படிக்கட்டும்” என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். டம்மி ஆர்ட்டிக்கிள்ஷிப் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம். அதைவிட, பேலன்ஸ் ஷீட்டைக் கையில் கொடுத்தால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாத ஒரு சி.ஏ.வாக அவள் வெளியே வருவாள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

கேள்வி: மகன் ஆர்ட்டிக்கிள்ஷிப்பில் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 24 நாள்தான் லீவாம். படிக்க நேரமே இல்லை என்கிறான். ஆடிட்டரிடம் பேசிக் கூடுதலாக லீவு கேட்கலாமா? (வாசகர், விருதுநகர்)

அந்த 24 நாள் விதியில் உள்ளது ஐயா, ஆடிட்டர் மனசு வைத்துக் கூட்டுகிற விஷயம் இல்லை. படிப்பதற்கென்றே பின்னால் ஆறு மாதம் தனியாகக் கொடுத்திருப்பதால்தான் லீவைக் குறைத்தார்கள்.

ஆனால் உங்கள் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஃபைனல் எட்டுத் தாளிலிருந்து ஆறாகக் குறைந்ததும் பாரம் குறைந்தது என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் கம்பெனிச் சட்டமும் காஸ்டிங்கும் (செலவுக் கணக்கியல்) போகவில்லை. ஆன்லைன் மாட்யூலாக இடம் மாறியிருக்கின்றன. ஏ, பி, சி, டி என்று நான்கு செட். ஏ-யில் சட்டம், பி-யில் காஸ்டிங், சி-யும் டி-யும் விருப்பப் பாடங்கள். நான்கிலும் 50 சதவீதம் எடுத்தால்தான் ஃபைனலுக்கு வழி. இவற்றையும் கடைசி ஆறு மாதத்துக்கு ஒதுக்கினால் அந்த ஆறு மாதம் காணாமல் போய்விடும். என் அலுவலகத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, டாக்ஸ் ஆடிட் நெருக்கடி முடிந்ததும் ஒரு செட், அடுத்த வருடத்துக்குள் மற்றவை. தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இதற்குப் போதும், லீவே தேவையில்லை.

கேள்வி: பழைய திட்டத்தில் 2022-ல் ஃபைனல் முதல் குரூப் பாஸ் செய்தேன். வேலைக்குப் போய்விட்டேன், கல்யாணமும் ஆனது. எல்லாம் மாறிவிட்டதால் முதலிலிருந்து எழுத வேண்டும் என்கிறார் நண்பர். உண்மையா? விட்டுவிடலாமா? (வாசகர், சென்னை)

உண்மை இல்லை தம்பி, விட்டுவிடவும் வேண்டாம். பழைய திட்டத்தில் கடைசியாகப் பரீட்சை நடந்தது 2023 நவம்பரில். அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே திட்டம். ஆனால் நீங்கள் பாஸ் செய்த முதல் குரூப் அப்படியே செல்லும். அதில் சட்டத் தாளையும் எழுதிவிட்டதால் ஏ செட்டும் உங்களுக்கு இல்லை. மிச்சம் இருப்பது மூன்று தாள்: நேர்முக வரி, மறைமுக வரி, அப்புறம் ‘இன்டகிரேட்டட் பிசினஸ் சொல்யூஷன்ஸ்’ என்ற புதுத் தாள். காஸ்டிங்குக்கு பி செட் எழுத வேண்டியிருக்கும். இன்ஸ்டிடியூட்டின் எஸ்.எஸ்.பி. (சுயசேவை) போர்ட்டலில் உங்கள் பதிவைப் புதிய திட்டத்துக்கு மாற்றிவிட்டு, வேறு என்ன பாக்கி என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புதுத் தாள் புத்தகம் பார்த்து எழுதுவது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஒரே நிறுவனத்தின் கதையைக் கொடுத்து வரி, ஆடிட், நிதி எல்லாவற்றையும் அதிலிருந்தே கேட்பார்கள். புத்தகத்தில் தேடும் நேரத்தில் கடிகாரம் ஓடிவிடும். நீங்கள் நாலு வருடமாக ஒரு கம்பெனியில் உட்கார்ந்து இதே சிக்கல்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர். கல்லூரியை விட்டு நேரே வரும் பிள்ளைகளைவிட இந்தத் தாளில் உங்கள் கை ஓங்கியே இருக்கும்.

கேள்வி: அக்காவின் இன்டர் புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றன. அவற்றை வைத்தே படிக்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

வேண்டாம்மா. அக்கா எழுதியது எட்டுத் தாள், நீ எழுதப்போவது ஆறு. அக்கவுன்ட்ஸ் இரண்டு தாளாக இருந்தது, இப்போது ஒன்று. வருமான வரியோ அடியோடு மாறுகிறது. 1961-ஆம் வருடச் சட்டம் போய், 2025-ஆம் வருடச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகிறது. சேமிப்புக்கு வரிக் கழிவு தரும், அக்கா மனப்பாடம் செய்த 80சி அதில் 123-வது பிரிவு. உன் பரீட்சைக்கு எந்தச் சட்டம் என்பதை இன்ஸ்டிடியூட் ஒவ்வொரு பரீட்சைக்கும் தனியாக அறிவிக்கும். அதைப் படித்த பிறகே டாக்ஸ் புத்தகத்தைத் திற. புதிய பாடப் புத்தகங்கள் இன்ஸ்டிடியூட் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அக்காவின் காஸ்டிங் நோட்டு இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள், கணக்குப் போட்டுப் பழக உதவும்.