ஐந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு மதியச் சாப்பாடு

அன்புள்ள ஐயா,

பெங்களூர் இந்திராநகரில் ஐந்தே மேசைகள் கொண்ட ஒரு ஜப்பானிய-ஐரோப்பியக் கலப்பு உணவகத்தைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு அப்பாவையும் அழைத்துக்கொண்டு மதியம் போயிருந்தேன். தலைக்கு 550 ரூபாய் ஆயிற்று. எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவோ, “இது ஜப்பான் சமையலும் இல்லை, வெள்ளைக்காரன் சமையலும் இல்லை, இந்தப் பணத்துக்கு அல்சூரில் நான்கு பேர் வயிறாரச் சாப்பிடலாம்” என்றார். இதை மலிவு என்று நீங்கள் எழுதியது சரியா? அடுத்த முறை, சைவம் மட்டுமே சாப்பிடும் அம்மாவையும் அழைத்துப் போகலாமா?

ஒரு வாசகர், அல்சூர்

அன்புள்ள நண்பருக்கு,

விலையைப் பற்றி அப்பா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ‘மலிவு’ என்பது தவறான சொல். ‘மாதம் ஒருமுறை கட்டுப்படியாகும்’ என்றுதான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் அதே கடையில் இரவில் உட்கார்ந்தால் இதைப்போல் மூன்று மடங்கு ஆகிறது. மதியம் விலை இறங்குவதற்குக் காரணம், ஜப்பானியர்கள் தெய்ஷொகு என்று சொல்லும் ஏற்பாடு: சோறு, சூப், ஊறுகாய், முதன்மையான பண்டம் ஒன்று, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை. நம் ஊர் அளவுச் சாப்பாடுதான் அது. இன்றைக்கு இரண்டே வகை என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டால் வாங்கிய காய் வீணாவதில்லை, அடுப்படிக்கு இரண்டு பேர் போதும், பகலில் சும்மா கிடக்கும் மேசைகளுக்குக் கொடுக்கும் வாடகையும் ஓரளவு திரும்பிவிடுகிறது.

இரண்டிலும் சேராத சமையல் என்று அவர் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் கலப்பு பெங்களூருக்கு வேண்டுமானால் புதிது. ஜப்பானில் அதற்கு யோஷொகு என்று பெயரே உண்டு, வயது நூறாண்டுக்கும் மேல். பல நூற்றாண்டுகளாக மாட்டிறைச்சியை விலக்கி வைத்திருந்த நாட்டில், 1872-இல் பேரரசர் மெய்ஜி அதைச் சாப்பிட்டதை எல்லோரும் அறியச் செய்தார்கள். மேற்கத்திய உணவு மதிப்புக்குரியதாயிற்று. தோக்கியோவின் கின்ஸாவில் 1895-இல் தொடங்கிய ரெங்காதெய் என்னும் உணவகம், பிரெஞ்சுக் கட்லெட்டைப் பன்றி இறைச்சியில் செய்து, மாவில் தோய்த்த காயையும் மீனையும் தெம்புராவாகப் பொரிப்பதுபோல் நிறைய எண்ணெயில் முக்கிப் பொரித்தெடுத்தது. இன்றைய தொங்கட்ஸு அதிலிருந்து வளர்ந்ததுதான். தூள் பூசிப் பொரிக்கும் பிரெஞ்சுக் குரோக்கெட் அங்கே கொரொக்கே ஆயிற்று. நம் நாட்டுக் குழம்புகூட ஆங்கிலேயர் வழியாக அங்கு போய்ச் சேர்ந்து, மாவு கரைத்துக் கெட்டியாக்கிய கறி-சோறாக, ஜப்பானியர் வீடுகளில் அன்றாடச் சாப்பாடாகிவிட்டது.

நாக்கு இதை ஏற்றுக்கொள்வதற்கும் காரணம் இருக்கிறது. கொம்பு என்னும் கடற்பாசியின் சுவைக்கு அடிப்படை குளுட்டமேட் என்று இகேதா கிகுனாயே 1908-இல் கண்டறிந்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். அதே பொருள் புளிக்கவைத்த சோயா விழுதான மிசோவிலும் முற்றிய பார்மெசான் சீஸிலும் பழுத்த தக்காளியிலும் நிறைய இருக்கிறது. அந்தக் கடையின் வெண்ணெய்-மிசோ பாஸ்தாவில் இரண்டு நாடும் தனித்தனியாகத் தெரியாததற்கு அதுதான் காரணம்.

அடுத்த முறை சமையல்காரருக்கு எதிரே, பலகையை ஒட்டிய இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஆம்லெட்-சோற்றுக்கு அவர் முட்டையைக் கலக்கி, அரைவேக்காட்டிலேயே வாணலியைச் சாய்த்துப் பிடித்து, இடக்கையால் கைப்பிடியை அணைத்துக்கொண்டு வலக்கை முஷ்டியால் மணிக்கட்டருகே மெல்லத் தட்டிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு தட்டுக்கும் முட்டை ஒரு விரற்கடை சுருண்டு, கடைசியில் தையலே தெரியாத தலையணைபோல் ஆகிவிடும். அதைத் தக்காளிச் சோற்றின்மேல் வைத்துக் கத்தியால் நீளக் கீறினால் இரு பக்கமும் தானாக விரிந்து சோற்றை மூடும். அப்பா இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் கவனம் தேவை. மிசோ சூப்பில் கண்ணுக்கு மீன் தெரியாது; ஆனால் அதன் அடிச்சாறான தாஷி, பெரும்பாலும் காய்ந்த போனிட்டோ மீன் சீவல் போட்டு வடித்தது. வேறொரு கடையில் ‘சைவம்’ என்று கொடுத்த சூப்பை உறவினர் ஒருவர் குடித்து முடித்த பிறகுதான் இது எங்களுக்குத் தெரியவந்தது. அவர் பட்ட வருத்தம் இன்னும் என் மனத்தில் இருக்கிறது. அதனால் “மீன் இருக்கிறதா” என்று பொதுவாகக் கேட்காமல், “தாஷி எதில் செய்தது” என்று கேளுங்கள். கொம்பையும் உலர்ந்த ஷிடாக்கே காளானையும் இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் நல்ல சைவத் தாஷி கிடைக்கும். அதற்கு அவகாசம் வேண்டும் என்பதால், முந்தைய நாள் மதியத்துக்குள் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.