பெங்களூரில் கர்ப்பம், மதுரையில் பிரசவம்: முதலில் என்ன செய்வது?

ஏழு வாரம், பிரசவத்துக்கு மதுரையில் அம்மா வீட்டுக்குப் போகப்போகிறேன், இப்போதே பெங்களூரில் காட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் காட்டுங்கள், இந்த வாரமே. ஃபோலிக் அமில மாத்திரை இன்னும் தொடங்கவில்லை என்றால் அதைத்தான் முதலில் கேளுங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் என்.டி. ஸ்கேனில் குழந்தையின் பின்கழுத்து நீரளவைப் பார்ப்பார்கள். அந்த வாரங்கள் போனால் போனதுதான். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அரசு மருத்துவமனையில் பதிந்து, பரிசோதனை விவரங்களைக் குறித்துத் தரும் கர்நாடகத்தின் தாய் கார்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது பிக்மி எண்ணில், அதாவது கர்ப்பத்தைப் பதிந்ததும் தமிழ்நாடு அரசு தரும் எண்ணில். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். அம்மா வீட்டுப் பகுதியின் சுகாதாரச் செவிலியரிடம் முன்கூட்டியே பதியுங்கள்; வலியெடுத்த நேரத்தில் அதற்காக யாரும் அலையக் கூடாது.

இரத்தப்போக்கோ கடுமையான அடிவயிற்று வலியோ வந்தால், ஊருக்குப் போன் செய்து யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.