வியட்நாமில் இரண்டு தோழிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியையும், கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்ற அவருடைய தோழியும் தஞ்சாவூரிலிருந்து கிளம்பி, முதுகில் பையை மாட்டிக்கொண்டு வியட்நாமை வடக்கிலிருந்து தெற்குவரை சுற்றி வந்தார்கள். சென்ற இதழில் வந்த அந்தப் பயணக் கட்டுரையைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு ஆசிரியையே இங்கே பதில் சொல்கிறார்.

அறுபதைத் தாண்டிய இரண்டு பெண்கள், டூர் ஏஜென்ட் இல்லாமல், துணைக்கு ஆள் இல்லாமல்! வீட்டில் எப்படி விட்டார்கள்?
– எஸ்.எம்., காரைக்குடி

போகட்டுமா என்று கேட்டால்தானே வேண்டாம் என்பார்கள்? டிக்கெட்டை எடுத்துவிட்டுத்தான் சொன்னோம். என் மகன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே ஒரு பவர் பேங்க் வாங்கி வந்து மேசைமேல் வைத்தான். தோழியின் கணவருக்கு இருந்த கவலை ஒன்றுதான்: ரசப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது?

விசா வாங்குவது சிரமமா? பணத்தை எப்படிச் சமாளித்தீர்கள்?
– ஆர். கே., பொள்ளாச்சி

வீட்டிலிருந்தபடியே இ-விசா வாங்கலாம். 90 நாள்வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். அரசாங்கத்தின் இணையதளத்தைப் போலவே தோற்றம் காட்டும் தரகர் தளங்கள் நிறைய உண்டு. அங்கே போனால் கட்டணம் எகிறிவிடும். இன்னொன்று, நம் ஊர் இனிஷியல் தகராறு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்த இடத்தில் இருக்கிறதோ அதே இடத்தில், எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள். அழகு பார்த்து மாற்றி எழுதினால் விமான நிலையத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

பணம் டாங். கையில் லட்சக்கணக்கில் புரளும். கோடீஸ்வரி என்ற நினைப்பு முதல் காபிக்கடையிலேயே போய்விடும். கவனிக்க வேண்டியது நோட்டின் நிறத்தை. 5,00,000 டாங் நோட்டும் நீலச் சாயல், 20,000 டாங் நோட்டும் நீலச் சாயல். எல்லா நோட்டிலும் ஹோ சி மின்தான் பார்க்கிறார். பிளாஸ்டிக் நோட்டு என்பதால் புதிதாக இருந்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். என் தோழி காலமெல்லாம் நோட்டுக்கட்டு எண்ணிய கைக்காரி. ஒவ்வொரு நோட்டையும் கட்டைவிரலால் தேய்த்துப் பிரித்த பிறகே நீட்டுவாள். இரவில் எல்லாவற்றையும் முகம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கி ரப்பர் பேண்டு போட்டுவிட்டுத்தான் படுப்பாள். ஐந்து லட்சம் நோட்டுகள் அவளுடைய இடுப்புப் பையில், சில்லறை என் கைப்பையில். பணம் குறைந்த கதை எங்களுக்கு நடக்கவேயில்லை.

நான் சுத்த சைவம். அங்கே பட்டினி கிடக்க வேண்டியதுதானா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

என் தோழியும் உங்கள் கட்சி. நான் எதையும் சாப்பிடுகிறவள். ஆகவே இரண்டு பக்கமும் சொல்ல முடியும்.

வெறும் கீரை வதக்கல் என்று நம்பி வாயில் வைக்காதீர்கள். அதிலும் மீன்சாறு ஊற்றியிருப்பார்கள். புகழ்பெற்ற ஃபோ நூடுல்ஸ் மாட்டெலும்பைக் கொதிக்கவிட்ட சாற்றில் மிதப்பது. இறைச்சித் துண்டை எடுத்துப் போட்டுவிட்டால் சைவம் ஆகிவிடாது. நீங்கள் தேட வேண்டியது, பலகையில் ‘சாய்’ என்று எழுதியிருக்கும் கடையை. பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அசைவம் தொடமாட்டார்கள். நம் அமாவாசை, பௌர்ணமிக் கணக்கை ஒட்டி வரும் அந்த நாள்களில் தெருவோரக் கடைகளில்கூடச் சைவச் சாப்பாடு கிடைக்கும். பழைய தலைநகரமான ஹுவேயில் சைவச் சமையல் ஒரு கலை. ஆனால் அங்கேதான் வம்பு வந்தது. சோயாத் தோலைச் சுருட்டி, மேலே கடற்பாசி ஒட்டி, செதில் செதிலாகக் கீறி, பொரித்த மீன் போலவே ஒரு பண்டத்தைக் கொண்டுவந்து வைத்தார் கடைக்காரம்மா. அத்தனையும் சைவம்தான். என் தோழி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள். நான் இரண்டு மீன் சாப்பிட்டேன்.

ஹனோயின் முட்டைக் காபியைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறீர்கள். 1946-இல், பாலுக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில், மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை பார்த்த ஒருவர் மஞ்சள் கருவை நுரைக்க அடித்துக் காபியின் மேல் போட்டார். அவர் குடும்பத்தார் பழைய நகரத்தில் இன்னும் கடை நடத்துகிறார்கள். கோப்பை ஆறிவிடாமல் இருக்க வெந்நீர்க் கிண்ணத்துக்குள் உட்கார்த்தித் தருவார்கள். முட்டை வாடை இல்லை. நான் ரசித்துக் குடித்தேன், தோழி தேங்காய்க் காபி குடித்தாள். தயிர் கிடைக்கும், சர்க்கரை போட்ட தயிர். அதைச் சோற்றில் பிசைந்து பார்க்க வேண்டாம்.

பஸ்ஸா, ரயிலா?
– வி. ஜி., ஓசூர்

ரயில். யோசிக்கவே வேண்டாம்.

ஹனோயிலிருந்து சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்) வரை 1,726 கிலோமீட்டர். பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கி 1936-இல் முடித்த பாதை. போரில் துண்டுதுண்டாகி, நாடு ஒன்றான பிறகு 1976-இல் மறுபடியும் முழுவதுமாக ஓடத் தொடங்கியது. இன்னமும் மீட்டர்கேஜ். இரவில் படுக்கையில் அந்த ஆட்டம் தொடங்கியதும் எங்கள் ஊரின் பழைய மாயவரம் வண்டியில் படுத்திருப்பது போலவே இருந்தது. மெத்தைப் பெட்டியில் ஓர் அறைக்கு நான்கு படுக்கை, கடினப் பெட்டியில் ஆறு. எங்கள் வயதுக்காரர்கள் கீழ்ப்படுக்கையைக் கேட்டு வாங்குங்கள். மேல்படுக்கைக்கு ஏற ஏணி கிடையாது, சுவரில் கால்வைக்க ஒரு சின்ன மடக்குப்படிதான். பெட்டியின் கோடியில் வெந்நீர்க் குழாய் இருக்கிறது. ரவா உப்புமா மிக்ஸ் எடுத்துப் போனவர்கள் அங்கே ராணி.

இரவு வண்டியில் ஹனோயிலிருந்து ஹுவே. பிறகு ஹுவேயிலிருந்து டா நாங் போகும் இரண்டரை, மூன்று மணி நேரத்தைக் கட்டாயம் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே போகும்போது இடது ஜன்னல். ஹை வான் கணவாயில் மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. தண்டவாளம் அந்த விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. வண்டி வளையும்போது நம் வண்டியின் முன்பெட்டிகளை நாமே பார்க்கலாம். கீழே மரங்களுக்கு நடுவே ஆள் நடமாட்டமில்லாத சின்னச் சின்ன மணல்துறைகள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது எதுவும் இல்லை. 2005-இல் திறந்த ஆறு கிலோமீட்டர்ச் சுரங்கத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்துவிடுவார்கள்.

மீ சன் சிவன் கோயில்கள் பார்க்க வேண்டியவைதானா? இடிபாடுதானே என்கிறார் என் கணவர்.
– பி. எல்., கும்பகோணம்

இடிபாடுதான். எப்படி இடிந்தது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இன்றைய நடு வியட்நாமில் இருந்த சம்பா நாட்டின் அரசன் பத்ரவர்மன் நான்காம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே ஈசனுக்குக் கோயில் எடுத்துத் தன் பெயரையும் சேர்த்து பத்ரேசுவரர் என்று வைத்தான். அதன்பின் சுமார் ஆயிரம் ஆண்டுகள், அரசர்கள் ஒருவர்பின் ஒருவராக அந்த மலைக்கிண்ணத்துக்குள் கட்டிக்கொண்டே போனார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் செங்கல். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து கண்ணுக்குத் தெரியாது. கட்டிய பிறகு சுவரிலேயே சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள். பெரிய கோயில் கருங்கல்லில் கைவைத்து வளர்ந்த எனக்கு, செங்கல்லில் ஒரு தேவதையின் இடுப்பு மடிப்பைப் பார்க்கப் பொறாமையாகவே இருந்தது.

பிரெஞ்சு ஆய்வாளர்கள் கோயில்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து எழுத்தும் எண்ணும் கொடுத்தார்கள். அவற்றில் மிக உயரமாக நின்றது ‘ஏ 1’. 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் அது போயிற்று. குண்டு விழுந்த பள்ளங்கள் இன்னும் புல் மூடிக் கிடக்கின்றன. குழந்தைகள் அதில் இறங்கி ஏறி விளையாடுகிறார்கள். போருக்குப்பின் போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் கசிமியெர்ஸ் க்வியாட்கோவ்ஸ்கி வந்து, மிஞ்சியவற்றை விழாமல் நிறுத்தினார். அவருக்கு ஹோய் ஆன் ஊரில் சிலை வைத்திருக்கிறார்கள். பிறகு நம் இந்தியத் தொல்லியல் துறை 2017 முதல் சில தொகுதிகளைச் சீரமைத்தது. அந்த வேலையின்போதுதான் 2020 மே மாதம் ஒரே கல்லில் செய்த ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது.

அதன் முன்னே என் தோழி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பையன் ஒருவன் அவளைப் பார்த்துத் தானும் ஷூவைக் கழற்றினான். காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கு அடுப்பு.

நானும் நண்பனும் ஹா ஜாங் மலைப்பாதையில் பைக் ஓட்டப் போகிறோம். டிப்ஸ் கொடுங்கள் அம்மா.
– தி. ந., கோயம்புத்தூர்

ஓட்டாதே தம்பி, பின்னால் உட்கார். நம் நாட்டில் தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தின்படியானது. வியட்நாம் ஏற்பது 1968-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்து உரிமத்தை. வாடகைக் கடைக்காரர் இதையெல்லாம் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடுவார். போலீஸ் அபராதம் சின்ன விஷயம். கீழே விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் உரிமத்தைக் கேட்டுக் கையை விரித்துவிடும்.

அங்கே ‘ஈஸி ரைடர்’ என்று உள்ளூர்ப் பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஓட்ட, நாங்கள் ஆளுக்கொரு வண்டியில் உட்கார்ந்து போனோம். 1959 முதல் 1965 வரை இளைஞர்களைக் கொண்டு கையாலேயே வெட்டிய பாதை அது. மா பி லெங் கணவாயில் மட்டும் பதினொரு மாதம், கயிற்றில் தொங்கியபடி பாறையை உடைத்திருக்கிறார்கள். அதல பாதாளத்தில் ஞோ குவே ஆறு பச்சைப் பட்டையாகத் தெரிகிறது. தோழி ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டு “முருகா” என்றாள். இரண்டாம் நாளில் அவளுடைய ஓட்டுநர்ப் பையன் வளைவு வருவதற்கு முன்பே “முருகா!” என்று குரல்கொடுக்கத் தொடங்கிவிட்டான்.

தோழியோடு சண்டை வரவில்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.
– ஜே. ஏ., நாகர்கோவில்

வராமல்? மூன்று விஷயத்தில் வரும்: பணம், தூக்கம், வேகம். பணத்துக்குப் பொதுப் பை ஒன்று. அறை, வண்டி, நுழைவுச்சீட்டு எல்லாம் அதிலிருந்து. காபி மட்டும் அவரவர் கைக்காசு; ஏனென்றால் நான் ஒரு நாளைக்கு நாலு குடிப்பேன், அவள் கணக்கு எழுதுவாள். தூக்கத்துக்கு மருந்து கிடையாது. அவள் குறட்டைக்கு நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன்.

வேகம்தான் பெரிய வில்லங்கம். அவள் ஒவ்வொரு பலகையையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிற ஜாதி. ஹுவேயில் காய் தின் அரசரின் சமாதி இருக்கிறது. 1931-இல் கட்டி முடித்தது. வெளியே கறுத்த கான்கிரீட், உள்ளே சுவரெல்லாம் பீங்கான், கண்ணாடிச் சில்லுகள் பதித்த ஜோடனை. நான் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தேன். அவள் வரவில்லை, வரவில்லை, வரவேயில்லை. வெயிலில் நின்று நான் கத்திய கத்தலில் கல் சிப்பாய்கள் திரும்பியிருக்க வேண்டும். அன்று சாயங்காலமே உடன்படிக்கை: பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு வழி, ஏழு மணிக்கு அறையில் சந்திப்பு. மறுநாள் அவள் அரண்மனையில் பலகை படித்தாள், நான் டோங் பா சந்தையில் கூடைக்காரிகளுடன் சைகையில் பேரம் பேசினேன். இரவு சொல்லிக்கொள்ள இருவருக்கும் கதை இருந்தது. பகல் முழுக்க ஒட்டிக்கொண்டே திரிந்தால் இரவில் பேச என்ன இருக்கும்?

சைகோனில் தமிழ்க் கோயில் இருக்கிறதாமே?
– கே. சி., தேவகோட்டை

உங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டாலே சொல்வார்களே! பிரெஞ்சுக்காரர் காலத்தில் செட்டியார்கள் அங்கே வட்டித்தொழில் நடத்தினார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார்கள். 1975-க்குப் பிறகு பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். அம்மன் கிளம்பவில்லை. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், ட்ருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில். இரண்டு பக்கமும் மதுரைவீரனும் பேச்சியம்மனும். கும்பிட வந்த கூட்டத்தில் நாங்கள் இருவர் மட்டுமே தமிழ் முகம். மற்ற எல்லோரும் வியட்நாமியர், சீனர். கையில் ஊதுவத்திக் கொத்து. கருவறைக்குப் பின்பக்கச் சுவரில் நெற்றியை அழுத்தி, உதடு அசைய ஏதோ வேண்டிக்கொள்கிறார்கள். வேலைக்குப் போகிற உடையில் ஒரு பெண் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி அப்படி நெடுநேரம் நின்றாள். அம்மனுக்கு வியட்நாமிய மொழி வந்திருக்கும், இத்தனை வருடத்தில்.

கூ சி சுரங்கத்துக்குள் நுழைந்தீர்களா? எனக்கு மூச்சிரைப்பு உண்டு.
– எம். டி., வேலூர்

நுழையாதீர்கள். அமெரிக்கர்களோடு நடந்த போரில் போராளிகள் ஒளிந்துகொள்ளத் தோண்டிய சுமார் 250 கிலோமீட்டர் வலையில் சின்னத் துண்டைத்தான், அதுவும் அகலப்படுத்தி, நமக்குத் திறந்திருக்கிறார்கள். அப்படியும் குனிந்து, சில இடங்களில் தவழ்ந்துதான் போக வேண்டும். மேலேயே நின்று பார்க்க நிறைய இருக்கிறது. முடிவில் போராளிகள் சாப்பிட்டது என்று வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் வேர்க்கடலைப் பொடியும் தருவார்கள். நம் நாக்குக்குக் கொஞ்சம் மிளகாய்ப்பொடி தேவை.

எந்த மாதம் போகலாம்?
– ஒரு வாசகர், சேலம்

நாட்டின் நீளத்துக்கு ஒரே பருவம் கிடையாது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல்வரை வடக்கு, நடு, தெற்கு மூன்று பகுதிக்கும் ஒத்துவரும். அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் பக்கம் போனால் தெருவில் படகு விடுவார்கள். அழகுக்காக அல்ல, வெள்ளத்துக்காக. டெட் புத்தாண்டு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கடைகள் மூடியிருக்கும், ரயிலில் இடம் கிடைக்காது.

சாலையைக் கடப்பது பயங்கரம் என்கிறார்களே?
– ஏ. எஸ்., திருச்சி

தில்லை நகரில் சாலையைக் கடக்கிறவர் கேட்கிற கேள்வியா இது? ஓடாமல், நிற்காமல், ஒரே நடையாக நடங்கள். மோட்டார் சைக்கிள்கள் உங்களைச் சுற்றிக்கொண்டு போகும். சைகோனில் மட்டும் தெருவோரம் நின்று கைப்பேசியை நீட்டிக்கொண்டிருக்காதீர்கள், பறித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அடுத்த பயணம் எங்கே?
– டி. பி., மன்னார்குடி

லாவோஸ் என்று நான் சொல்கிறேன். தோழியின் முழங்கால் இன்னும் பதில் சொல்லவில்லை.