ரிசர்வ் சைட்டில் கீரைத் தோட்டம் – கடிதமும் பதிலும்

வணக்கங்க சார்,

கோவையில ஒரு லேஅவுட்ல குடியிருக்கறோம். எங்க வீதி முனையில, லேஅவுட் போடறப்ப பொதுவுக்குன்னு ஒதுக்கி விட்ட ஒரு ரிசர்வ் சைட், பல வருசமா வீடு இடிச்ச கழிவும் பார்த்தீனியமும்தான் கிடந்துச்சு. போன வருசம் சில குடும்பங்க சேர்ந்து சுத்தம் பண்ணி கீரை, வெண்டை, கத்தரி, அவரைன்னு போட்டோம், நல்லாவே வருதுங்க. ஆனா யார் தண்ணி விட்டது யார் பறிச்சதுன்னு தினமும் பேச்சு, வேலி போட்டு பூட்டிடலாம்னு ஒரு கூட்டம் சொல்லுது. இன்னும் சிலர், அது கார்ப்பரேஷன் இடம், என்னைக்கு வேணா ஏதாவது கட்டிடுவாங்க, கடையில கீரைக்கட்டு கிடைக்கறப்ப எதுக்கு இந்த மெனக்கெடல்னு கேக்கறாங்க, எங்க வீட்டுக்காரரும் அதேதான். நீங்க கியூபா தலைநகர் ஹவானாவோட தோட்டங்களைப் பத்தி எழுதுனதைப் படிச்சுட்டுத்தான் நான் இதுல இறங்குனேன். விட்டுடலாமாங்க சார்?

(பெயர் போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க.)

அன்புள்ள சகோதரிக்கு,

விடாதீங்க. ஆனா உங்க வீட்டுக்காரர் கேக்கறது நியாயமான கேள்வி, அதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன்.

ஹவானாக்காரங்க தோட்டம் போட்டது ஆசைக்கு இல்ல. 1991ல சோவியத் யூனியன் உடைஞ்சதும் அங்க இருந்து கியூபாவுக்கு வந்துக்கிட்டிருந்த எண்ணெய், உரம், தானியம் எல்லாம் சரிஞ்சுபோச்சு, கிராமத்துல விளைஞ்சதை நகரத்துக்கு ஏத்திட்டு வரவே டீசல் இல்ல, அதனால காலி மனை, குப்பை கொட்டுன இடம்னு கிடைச்ச இடத்துலெல்லாம் காய் போட்டாங்க, அரசாங்கமும் காசு வாங்காம நிலத்தை விட்டுக் கொடுத்துச்சு. நகரத்துக்குக் காய் கிடைச்சது உண்மை. ஆனா கியூபா இன்னைக்கும் சாப்பாட்டுல பெரும்பகுதியை வெளிய இருந்துதான் வாங்குது. அப்ப உங்க சைட்டும் அரிசி பருப்புச் செலவைக் குறைக்காது, பறிச்ச அன்னைக்கே சமைக்கற கீரை, காய், கொத்தமல்லிக்குத்தான் அது. நான் இதைச் சின்ன விசயமா நினைக்கல. கடைக் கீரையில என்ன மருந்து அடிச்சாங்கன்னு யாருக்குத் தெரியும், உங்க பாத்தியில அடிச்சது வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும்னு உங்களுக்குத் தெரியும்ல. (கியூபாவுலயும் வேப்பமரம் வளர்த்து அதைப் பூச்சிக்குப் பயன்படுத்தறாங்க.)

அவங்ககிட்ட இருந்து ஒண்ணைக் கட்டாயம் எடுத்துக்கங்க. ஆர்கனோபோனிகோன்னு அவங்க சொல்றது, கெட்ட மண்ணுல நேரா விதைக்காம, ஓடோ கான்கிரீட் துண்டோ வச்சு ஓரம் கட்டி, உள்ள நல்ல மண்ணும் மக்குன எருவும் ரொப்பி மேட்டுப்பாத்தி போடறது, பாத்தி முனையில பூச்சிக்குத் தடுப்பா சோளமும் செண்டுமல்லியும் வைப்பாங்க. உங்க இடத்துல வீடு இடிச்ச கழிவு கிடந்துருக்கு, சிமெண்ட் சுண்ணாம்பு போக பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அதனால அந்த மண்ணுல நேரா கீரை வேண்டாம், ஒரு அடி உசரத்துக்குப் பாத்தி கட்டிக்கங்க. சிறுகீரையை வேரோட பிடுங்கிட்டா அதோட முடிஞ்சுது, அரைக்கீரையை அடி விட்டு அறுத்தா திரும்பத் திரும்பத் துளிர்க்கும், பத்து கை பறிக்கற இடத்துல அரைக்கீரை ஜாஸ்தி போடுங்க, பாதி பேச்சு அதுலயே அடங்கும்.

இப்ப பூட்டு. இதுலதான் நான் பிடிவாதமா சொல்றேன், பூட்டாதீங்க. 1973ல நியூயார்க்ல லிஸ் கிறிஸ்டிங்கறவங்களும் அவங்க சிநேகிதங்களும் பவரியும் ஹவுஸ்டன் தெருவும் சேர்ற மூலையில குப்பையா கிடந்த ஒரு மனையைச் சுத்தம் பண்ணித் தோட்டம் போட்டாங்க, அடுத்த வருசமே மாநகராட்சி மாசம் ஒரு டாலர் வாடகைக்கு அதை எழுதிக் கொடுத்துச்சு, அந்தத் தோட்டம் இன்னைக்கும் இருக்கு. அதைப் பார்த்து நகரம் முழுக்க நூத்துக்கணக்குல வந்துச்சு. 1999ல மேயர் ஜூலியானி 114 தோட்டங்களை ஏலம் விடக் கிளம்புனாரு, அப்ப தோட்டம் போட்டவங்களோட ஊர்ல உள்ளவங்களும் தெருவுக்கு வந்தாங்க, கேஸ் போட்டாங்க, கடைசியில ஏலத்துக்கு முந்தி நடிகை பெட் மிட்லரோட அமைப்பும் இன்னொரு அறக்கட்டளையும் 42 லட்சம் டாலர் கொடுத்து அத்தனையையும் வாங்கிக் காப்பாத்துனாங்க. தனக்கும் அதுல ஒரு பங்கு இருக்குன்னு நினைச்ச ஜனங்கதான் கூட நின்னாங்க. இன்னைக்கும் நியூயார்க் மாநகராட்சியோட பொதுத்தோட்டத் திட்டத்துல இருக்கற தோட்டம் ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் வாரம் 20 மணி நேரமாவது பொதுஜனத்துக்குத் திறந்திருக்கணும்னு நிபந்தனை. பொது இடத்துல நீங்க பத்து குடும்பத்துக்குன்னு பூட்டுப் போட்டா, நாளைக்கு ஜேசிபி வர்றப்ப மத்த வீட்டுக்காரங்க கதவைச் சாத்திக்குவாங்க, அதுல தப்பும் இல்ல.

ஆடு மாடு வராம வேலி இருக்கட்டும், கேட்டுக்குப் பூட்டு வேண்டாம். உள்பக்கப் பாத்திகளை உழைக்கறவங்களுக்குப் பிரிச்சு விடுங்க, ரோட்டோரப் பாத்தி யார் வேணா பறிச்சுக்கற மாதிரி. இங்கிலாந்துல டாட்மார்டன்னு ஒரு சின்ன ஊர்ல 2008ல இருந்து ரயில்வே ஸ்டேஷன், போலீஸ் ஸ்டேஷன் வாசல்லெல்லாம் அப்படித்தான் போட்டு வச்சிருக்காங்க, போறவங்க வர்றவங்க பறிச்சுக்கறாங்க. குழந்தைங்க விளையாட ஒரு மூலையைக் காலியா விட்டுடுங்க, ரிசர்வ் சைட் ஒதுக்கறதே பார்க், விளையாட்டுக்குன்னுதானே.

இடத்தைப் பத்தி பயந்துக்கிட்டே இருக்காம பேப்பரைத் தேடுங்க. லேஅவுட் அப்ரூவல் வரைபடத்துல அந்த இடத்துக்கு என்னன்னு போட்டிருக்கு, லேஅவுட் போட்டவங்க அதை மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம் பதிவாயிருக்கா, ரெண்டையும் பாருங்க, கிடைக்கலைன்னா பத்து ரூபா கட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடுங்க. பார்க்குன்னு இருந்தா அதை இஷ்டத்துக்கு மாத்த முடியாது, கோர்ட்டு பல கேஸ்ல இதைச் சொல்லிருக்கு. அப்புறம் குடியிருப்போர் சங்கத்து பேர்ல, நாங்க பராமரிச்சுக்கறோம், உரிமை எதுவும் கேக்கலைன்னு கமிஷனருக்கு மனு எழுதி, பழைய குப்பைமேட்டு போட்டோவையும் இப்ப இருக்கற போட்டோவையும் சேர்த்து வச்சுக் கொடுங்க. தோட்டத்துக்கே வராத வீடுகள்லயும் கையெழுத்து வாங்குங்க, போறப்ப ஆளுக்கு ஒரு கட்டு அரைக்கீரை எடுத்துட்டுப் போங்க.