மருத்துவக் காரணத்தால் ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டவர் மறுபடியும் சேர முடியுமா?

கேள்வி கேட்ட தம்பி இரண்டு வரிதான் எழுதியிருக்கிறார். மூன்று வருடம் ராணுவத்தில் இருந்தாராம், முழங்கால் காயத்தால் அனுப்பிவிட்டார்களாம், இப்போது குணமாகிவிட்டதாம், திரும்பப் போக வழி உண்டா என்கிறார். நேற்று இரவு படித்தேன், தூக்கம் வரவில்லை. 2015ல் இதே கேள்வியோடு அலைந்தவன் நான்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ரொம்பக் கடினம். எனக்குக் கிடைக்கவில்லை. "எனக்குத் தெரிந்த ஒருவர் சேர்ந்துவிட்டாரே" என்று யாராவது சொல்வீர்கள். இருக்கலாம், நான் மறுக்கவில்லை. நான் மருத்துவரும் இல்லை, அதிகாரியாகவும் இருந்ததில்லை. மலேசிய ராணுவத்தின் ரேஞ்சர் படையில் கோப்பரலாக இருந்து வெளியே வந்தவன். என் கால் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

இணையத்தில் தேடினால் அமெரிக்க விவரம்தான் வந்து விழும். அங்கே வெளியேறும்போது கொடுக்கும் டிடி 214 பத்திரத்தில் மறுசேர்க்கைக் குறியீடு ஒன்று இருக்கும். 3 என்றால் விதிவிலக்கு கேட்டுப் பார்க்கலாம், 4 என்றால் பெரும்பாலும் கதவு மூடியாயிற்று. நானும் அதைப் படித்துவிட்டு ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறேன். அது அவர்கள் நாட்டு வழக்கம் தம்பி. அதை வைத்துக்கொண்டு கோலாலம்பூரில் எந்தக் கவுண்டருக்கும் போக முடியாது. இங்கே மலேசியாவில் புல்ஹீம்ஸ் என்ற உடல்தகுதிக் கணக்கு. உடல்வலு, கை, கால், காது, இரண்டு கண், மனம், உணர்ச்சி நிலை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போடுவார்கள். எண் சிறியதாக இருந்தால் நல்லது. எனக்குக் காலுக்கான எண் ஏறிக்கொண்டே போனது.

2006ல், இருபது வயதில், போர்ட்டிக்சனில் அடிப்படைப் பயிற்சிக்குப் போனேன். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் தெருவிலிருந்து ஆர்மிக்குப் போன முதல் பையன் நான்தான். அப்பா ஒட்டுக்கடையில் எல்லாருக்கும் தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தார். 2012ல் தடை ஓட்டப் பயிற்சியில் சுவரிலிருந்து குதித்தபோது இடது கால் திரும்பி விழுந்தது. முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது. எழுந்து ஓடி முடித்துவிட்டேன். அடுத்த மாதம் பதவி உயர்வுக்கான பயிற்சி இருந்தது. எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, எடுக்கிறவன் என்ற பெயர் வந்துவிடுமோ என்று பயம். சார்ஜனிடம் சொல்லவில்லை, முகாம் மருத்துவரிடமும் போகவில்லை. வெளிக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, பேண்டேஜ் சுற்றி, எட்டு மாதம் ஓட்டினேன்.

அப்புறம் லீவில் வீட்டுக்கு வந்தபோது நண்பர்களோடு ஃபுட்சால் ஆடினேன். திரும்பிப் பந்தை எடுத்தேன், அவ்வளவுதான், கால் கீழே நிற்கவில்லை. ஸ்கேன் எடுத்ததில் முழங்காலின் முன் தசைநார் அறுந்திருந்தது, உள்ளே குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. தொடைக்குப் பின்னாலிருந்து நார் எடுத்து வைத்துத் தைத்தார்கள். அதன் பிறகு ஸ்டோரில் லேசான வேலை. 2015ல் மருத்துவ வாரியத்தின் முன் போய் நின்றேன்.

அங்கே கேட்ட கேள்வி ஒன்றுதான் இன்றைக்கும் காதில் நிற்கிறது. முதல் காயம் எப்போது? 2012, தடை ஓட்டத்தில், துவான் (ஐயா) என்றேன். அதற்கான ரிப்போர்ட் எங்கே? இல்லை. கோப்பில் இருந்தது ஃபுட்சால் மட்டும். லீவில், சொந்த விருப்பத்தில் ஆடிய ஆட்டம். ஊனத்துக்கான ஓய்வூதியம் கிடைக்குமா என்பது அந்தக் காயம் பணியால் வந்ததா என்பதைப் பொறுத்தது. எனக்குப் பணியால் வரவில்லை என்று ஆகிவிட்டது. சாதாரணப் படையினருக்கு வழக்கமான ஓய்வூதியத்துக்கு 21 வருடச் சேவை வேண்டும். எனக்கு 9. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். எழுதி வைக்காதது நான்.

வெளியே வந்த பிறகும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு தோறும் விடியுமுன் மோட்டாரில் பத்துமலை போவேன். 272 படி. ஏறுவதில் ஒரு தொந்தரவும் இல்லை, ஒரே மூச்சில் ஏறுவேன். இறங்கும்போதுதான் முழங்கால் உள்ளே நழுவும். ஒவ்வொரு படிக்கும் கம்பியைப் பிடித்து, வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பேன், குழந்தை இறங்குகிற மாதிரி. பூக்கூடையோடு ஏறி வந்த ஒரு அம்மா நின்று, "மெதுவா எறங்கு ஐயா, அவசரம் இல்ல" என்றார். எனக்கு அப்போது 29 வயது. முதுகில் மூட்டையோடு மலை ஏறி இறங்கியவன். கீழே வந்து ரொம்ப நேரம் மோட்டார் மேல் உட்கார்ந்திருந்தேன்.

அப்படியும் விடவில்லை. திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் எழுதினேன், ஒரு பக்கத்தில் முடியாது என்று பதில் வந்தது. பகுதிநேரப் படையான வத்தானியாவிலாவது சேரலாம் என்று போனேன். அங்கேயும் உடல் பரிசோதனை உண்டு. குந்தி உட்கார்ந்தபடி வாத்து நடை நடக்கச் சொன்னார்கள். நான்காவது அடியில் தரையில் கை ஊன்றிவிட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. நானே எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

இன்னொன்று. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ராணுவக் குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மனைவியும் கைக்குழந்தையுமாகச் செத்தாப்பாக்கில் வாடகைக்கு வீடு தேடினேன். போனில் மலாயில் பேசும்போது எல்லாம் நல்லபடியாகப் போகும். பெயரைச் சொன்னதும் "இந்தியரா?" என்பார்கள். வீட்டுக்காரருக்கு விருப்பமில்லையாம். பதினோரு வீடு. ஒருவரிடம் முன்னாள் படைவீரர் அட்டையைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சாரி பாஸ்" என்று திருப்பிக் கொடுத்தார். முழங்கால் வலி பழகிவிட்டது தம்பி, இது பழகவில்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்களை அனுப்பியபோது கொடுத்த பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் முழுதாகப் படித்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நானும் கையெழுத்துப் போட்ட அன்று படிக்கவில்லை. முதலில் அதைப் படியுங்கள். மருத்துவக் கோப்பின் நகலை எழுதிக் கேட்டு வாங்குங்கள். மறுபடி விண்ணப்பிப்பதானால் பழைய காயத்தை மறைக்காதீர்கள். பரிசோதனையில் அறுவைத் தழும்பை எந்தக் கால்சட்டையும் மறைக்காது. காயம் பயிற்சியில் பட்டது என்பதற்குக் காகிதம் இருந்தால், சேர்க்கையைத் தேடி ஓடுவதற்கு முன் முன்னாள் படைவீரர் விவகாரத் துறைக்குப் போய் ஊனத்துக்கான உதவியைக் கேளுங்கள். சுங்கை பூலோவில் பெர்ஹெபாட் என்ற முன்னாள் படைவீரர் கழகம் இருக்கிறது, தொழில் பழக்கிக் கொடுப்பார்கள். நான் இப்போது ஏர்கோன் (ஏசி) வேலை செய்கிறேன், ஏணியில் ஏறி இறங்கத்தான் கொஞ்சம் நேரமாகும்.

இதைப் படிக்கிறவர்களில் இன்னும் சேவையில் இருப்பவர்கள் இருந்தால், அடிபட்ட அன்றே ரிப்போர்ட் எழுதுங்கள். எம்.சி. எடுக்கிறவன் என்று நான்கு பேர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

தம்பி, மலாய்க் கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் எனக்கு இங்கேயே தனிச்செய்தி அனுப்புங்கள். கோப்பை எடுத்துக்கொண்டு செந்தூல் பக்கம் வந்தால் உட்கார்ந்து பார்த்து எழுதிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை.